சாவி யார் கையில்?

ஃபார்ம் 16-ஐ வாங்கி பீரோவில் வைத்ததோடு வரி வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். நம் பெயரில் அரசாங்கம் ஓர் இணையக் கணக்கு வைத்திருக்கிறது. அதற்குள் நமக்குத் தெரியாமல் யார் போய் வருகிறார்கள்? நெய்வேலி டவுன்ஷிப்பிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

"ஓடிபி வர்ல மாப்ள."

மாமா மூன்றாவது முறையாக போனைக் கவிழ்த்து நிமிர்த்திப் பார்த்தார். 2025 ஜூலை மாதத்து ஞாயிறு, சாயங்கால நேரம். நெய்வேலி டவுன்ஷிப்பில் அவருடைய குவார்ட்டர்ஸ், முன் அறையில் ஃபேன் ஓடுகிறது, மேஜைமேல் என் லேப்டாப். மாமா சுரங்கத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ஷிப்ட் பார்த்தவர். பக்கெட் வீல் இயந்திரம் போடும் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்லிவிடுவார். அன்றைக்கு அவருக்கு ஒரே ஒரு சந்தேகம்: இந்த முறை ரீஃபண்டு வருமா, வராதா?

"பாஸ்வேர்டு என்ன மாமா?"

"அதெல்லாம் அவன்கிட்டதான் இருக்கும்."

அவன் என்றால் ஃபார்ம் போட்டுக் கொடுப்பவர். வருஷா வருஷம் ஃபார்ம் 16 நகலும் ஐந்நூறு ரூபாயும் வாங்கிக்கொண்டு, 'அனுப்பியாச்சு' என்று ஒரு தாளைத் தருவார். பாஸ்வேர்டு மறந்துவிட்டதாகத் தட்டினேன். ஓடிபி ஒரு எண்ணுக்குப் போனது. திரையில் அதன் கடைசி இலக்கங்கள் மட்டும் தெரிந்தன.

"இது உங்க நம்பரா?"

"இல்லியே. அத்த நம்பரும் இல்ல."

ஆதார் ஓடிபி வழியாக முயன்றோம். ஆதாரில் மாமாவின் சொந்த எண்தான் இருந்தது. போன் 'டிங்' என்றது. கதவு திறந்தது. உள்ளே போய் 'மை புரொஃபைல்' பார்த்தால், செல்போன் எண் யாருடையதோ. மின்னஞ்சல் முகவரி எழுத்தும் எண்ணுமாய் ஏதோ ஒரு கோவை. மாமா தன் வாழ்நாளில் அதைப் பார்த்ததே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிட்டர்னைத் திறந்தேன். வீட்டு வாடகைப் படிக் கழிவு என்று ஒரு பெரிய தொகை கோரப்பட்டிருந்தது. கழிவுகளைச் சரிபார்க்கச் சொல்லி வரித்துறை அனுப்பிய தகவலும் படிக்கப்படாமல் கிடந்தது.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"குவார்ட்டர்ஸ்ல குடியிருக்கறவன் யாருக்குடா வாடகை குடுத்தேன்?"

காபி தம்ளர்களோடு வந்த அத்தை கதவருகிலேயே நின்றுவிட்டார். "அப்ப அந்த வருஷம் ரீஃபண்டுன்னு வந்துச்சே, மிக்ஸி வாங்கினோமே..."

யாரும் பதில் சொல்லவில்லை.

பிறந்த வருஷம் ஒன்று

வருமான வரி இந்தியாவுக்குள் வந்த தேதி 1860 ஜூலை 24. 1857 கிளர்ச்சியை அடக்கியதில் காலியான கஜானாவை நிரப்ப, அப்போது இந்தியாவின் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த ஏற்பாடு அது. அதற்குப் பெரிய எதிர்ப்பு கிளம்பிய இடம் சென்னைக் கோட்டை. அப்போதைய சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் இந்த வரி வேண்டாம் என்று குறிப்பு எழுதினார், எழுதியதை வெளியிடவும் செய்தார். பதவி போயிற்று. சில வருஷம் கழித்து, வில்சன் இருந்த அதே நிதிப் பொறுப்பில் வந்து உட்கார்ந்தார் என்பது காலத்தின் குறும்பு.

சுதந்திர இந்தியாவின் வருமான வரிச் சட்டத்துக்கும் நெய்வேலிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்ததில்தான் நெய்வேலியின் கதை தொடங்குகிறது. சுரங்கத்தை நடத்தும் பொதுத்துறை நிறுவனம் 1956 நவம்பர் 14-ல் பதிவானது. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். மேல்மண்ணை அள்ளி அள்ளி, 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரியின் முகம் தெரிந்தது. அதற்கு அடுத்த மாதம் டெல்லியில் வருமான வரிச் சட்டம், 1961 நிறைவேறியது. 1962 ஏப்ரலில் சட்டம் அமலுக்கு வந்தது. அதே ஆண்டு நெய்வேலி மின்சாரம் தரத் தொடங்கியது.

அறுபது வருஷம் இரண்டும் ஒன்றாகவே நடந்தன. நெய்வேலி சம்பள ஊர். வரி சம்பளப் பட்டியலிலேயே பிடிக்கப்பட்டுவிடும். பிடித்ததற்குச் சாட்சியாக ஃபார்ம் 16 வரும். அதன் பிறகு என்ன நடக்கிறது என்பதை ஃபார்ம் போடுபவர் பார்த்துக்கொள்வார். வரியை ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு வரிக் கணக்கு எப்படி இருக்கும் என்றே தெரியாமல் போனது இப்படித்தான்.

இனி அந்தப் பழக்கம் செல்லாது. அந்த 1961 சட்டத்தின் இடத்துக்கு வருமான வரிச் சட்டம், 2025 வந்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 21-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. அமலாகும் நாள் 2026 ஏப்ரல் 1. 'முந்தைய ஆண்டு', 'மதிப்பீட்டு ஆண்டு' என்று இரண்டு ஆண்டுகளை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் குழப்பிய வழக்கத்தை விட்டுவிட்டு 'வரி ஆண்டு' என்று ஒன்றையே வைத்திருக்கிறார்கள். ஆனால் 2025-26-ல் சம்பாதித்த பணத்துக்கான ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான். புதுக் கணக்கு அதற்கடுத்த வருமானத்திலிருந்து தொடங்கும்.

கணக்குக்கு எல்லாம் தெரியும்

இப்போதுள்ள இ-ஃபைலிங் தளம் 2021 ஜூன் 7-ல் திறக்கப்பட்டது. இன்ஃபோசிஸ் நிறுவனத்தோடு போட்ட சுமார் 4,242 கோடி ரூபாய்த் திட்டம். திறந்த நாளிலிருந்தே தடுமாறியது. அந்த ஆகஸ்டில் நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் நேரில் வரச் சொல்லிக் காரணம் கேட்டார். அந்த வருஷ ரிட்டர்னுக்குக் கெடு டிசம்பர் 31 வரை தள்ளிப்போனது. அதற்குப் பிறகு தளம் நிலைக்கு வந்தது. 2024 ஜூலை 31-க்குள் 7.28 கோடிக்கு மேல் ரிட்டர்ன்கள் குவிந்தன. கடைசி நாளில் மட்டும் 69.92 லட்சம்! கடைசி பஸ்ஸுக்கு ஓடும் பழக்கம் நமக்கு மட்டும் இல்லை.

பழைய காலத்து ரிட்டர்ன் என்பது நாம் சொல்லுவது, அரசாங்கம் கேட்டுக்கொள்வது. இன்றைக்கு அரசாங்கம் முதலில் சொல்கிறது, நாம் சரியா என்று பார்க்கிறோம். 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கைதான் அதற்குக் காரணம். சம்பளம், வங்கி வட்டி, டிவிடெண்டு, மியூச்சுவல் ஃபண்டு விற்றது எல்லாம் அதில் வரிசையாக நிற்கும். வடலூரில் 30 லட்சத்துக்கோ அதற்கு மேலோ மனை பதிவு செய்தால், சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து தகவல் போய்விடும். சேமிப்புக் கணக்கில் வருஷத்துக்குப் பத்து லட்சம் ரொக்கமாகப் போட்டால் வங்கி சொல்லிவிடும்.

அதில் தப்பும் வரும். அண்ணன் தம்பி இரண்டு பேர் பெயரில் இருக்கும் டெபாசிட்டின் வட்டி முழுவதும் ஒருவர் தலையில் ஏறியிருக்கலாம். அப்போது அந்தப் பதிவின் பக்கத்திலேயே 'இது என்னுடையதல்ல', 'தொகை தவறு' என்று நாம் கருத்துப் பதியலாம். பார்ப்பவர்தானே பதிய முடியும்? மாமா தன் ஏஐஎஸ்ஸை முதன்முதலாகப் பார்த்தபோது, "நம்ம வீட்டு அலமாரிய வெளியில இருந்து பார்க்குற மாதிரி இருக்குடா" என்றார்.

அப்பா பெயரில் வரும் கடிதம்

தமிழ்நாட்டு ஆட்களுக்கென்றே இந்தக் கணக்கில் ஒரு முள் உண்டு. அதன் பெயர் இனிஷியல்.

க. முருகன் என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றிதழிலும் கம்பெனி அடையாள அட்டையிலும் கே. முருகன். பான் விண்ணப்பத்திலோ இனிஷியல் கூடாது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் முழுப் பெயர் வேண்டும். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா கண்ணனின் பெயர் அங்கே போய் உட்காரும். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்து இந்தக் கட்டத்தின் முதலெழுத்திலிருந்து வருவது. ஆகவே முருகனின் பான் எண்ணில் அந்த இடத்தில் 'எம்' இருக்காது, அப்பாவின் 'கே'தான் இருக்கும். நான்காவது எழுத்தான 'பி' தனிநபர் என்பதற்கான அடையாளம். கடிதங்களும் சில நேரம் 'அன்புள்ள கண்ணன்' என்றே வரும். ஆதாரில் மறுபடி கே. முருகன். ஒரே ஆள், இரண்டு பெயர்.

பானையும் ஆதாரையும் இணைக்க வேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தபோது இந்த முள் ஆழமாகக் குத்தியது. பெயர் பொருந்தவில்லை, பிறந்த தேதி பொருந்தவில்லை என்று கணினி திருப்பி அனுப்பியது. கெடுக்கள் நீண்டு நீண்டு, கடைசியில் ஆயிரம் ரூபாய் கட்டணத்தோடு 2023 ஜூன் 30-ல் நின்றன. இணைக்காதவர்களின் பான் செயலிழந்தது. செயலிழந்த பானுக்கு ரீஃபண்டு வராது, பணம் கைக்கு வரும் முன்பே பிடிக்கும் வரியான டிடிஎஸ்ஸும் கூடுதல் விகிதத்தில் பிடிக்கப்படும். பணி ஓய்வு பெறும் வயதில் வைப்பு நிதியை எடுக்கப் போகும்போதுதான் பலருக்கு இந்த முள் தட்டுப்படும். ஆதார், பான், வங்கிப் பாஸ்புக், வைப்பு நிதிக் கணக்கு நான்கிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று ஓய்வுக்கு இரண்டு வருஷம் முன்பே பார்த்துவிடுவது நல்லது.

குவார்ட்டர்ஸ், அரியர்ஸ், முந்திரித் தோப்பு

நெய்வேலியின் பணத்துக்கு அதற்கென்று சில வளைவுகள் உண்டு. பொதுவாக எழுதப்படும் வரிக் குறிப்புகளில் அவை இருக்காது.

முதலாவது, குவார்ட்டர்ஸ். குடியிருப்பவருக்கு அது கம்பெனி வீடு. வரிச் சட்டத்துக்கு அது சம்பளத்தின் ஒரு பங்கு. மத்திய, மாநில அரசு ஊழியருக்கு உரிய கணக்கு பொதுத்துறை நிறுவன ஊழியருக்குப் பொருந்தாது. 2023 செப்டம்பர் 1-லிருந்து, 15 லட்சத்துக்கு மேற்படாத மக்கள்தொகை உள்ள ஊர்களில் நிறுவனத்தின் சொந்த வீட்டுக்குச் சம்பளத்தில் 5 சதவீதம் சலுகை மதிப்பு. அதில் ஊழியர் கட்டும் வாடகை கழியும். அதற்கு முன்பு நெய்வேலி அளவிலான ஊர்களுக்கு இது 7.5 சதவீதமாக இருந்தது. ஃபார்ம் 16-ல் கைக்கு வராத தொகை ஒன்று வருமானமாக நிற்கிறதே என்று திகைப்பவர்கள் இந்த இடத்தைத்தான் பார்க்க வேண்டும். ஒரே வருஷத்தில் ஒருவருக்குக் குவார்ட்டர்ஸ் சலுகையும், வீட்டு வாடகைப் படிக் கழிவும் சேர்ந்து வந்தால் கணினிக்குக்கூட சிரிப்பு வரும். மாமாவின் ரிட்டர்ன் மாட்டியது அப்படித்தான்.

இரண்டாவது, அரியர்ஸ். ஊதிய ஒப்பந்தம் தள்ளித் தள்ளிக் கையெழுத்தாகும். பல வருஷத்து நிலுவை ஒரே மாதத்தில் வந்து விழும். வருமானம் திடீரென்று மேல் விகிதத்துக்குத் தாவும். அந்தந்த வருஷத்திலேயே வந்திருந்தால் எவ்வளவு வரியோ அதற்குமேல் ஏறியதைக் கழித்துக்கொள்ள 1961 சட்டத்தின் 89-வது பிரிவு இடம் தருகிறது. ஆனால் அதற்கு 10இ படிவத்தை இந்தத் தளத்திலேயே, ரிட்டர்ன் அனுப்புவதற்கு முன் பதிய வேண்டும். பதியாமல் நிவாரணம் கோரினால் மறுப்பு வரும். ஃபார்ம் போடுபவர் மறந்துபோகும் முதல் படிவமும் இதுதான்.

மூன்றாவது, தோப்பு. பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் முந்திரியோ பலாவோ கொஞ்சம் நிலமோ இல்லாத குடும்பம் இங்கே அபூர்வம். விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. ஆனால் அது வருஷத்துக்கு 5,000 ரூபாயைத் தாண்டினால் சம்பளக்காரர்கள் வழக்கமாகப் போடும் எளிய 'சஹஜ்' படிவம், அதாவது ஐடிஆர்-1, செல்லாது. ஐடிஆர்-2 போட வேண்டும். மேலும், சம்பளத்துக்கு எந்த விகிதத்தில் வரி என்று கணக்கிடும்போது தோப்பு வருமானமும் சேர்த்தே எண்ணப்படும். முந்திரி குத்தகைப் பணத்தை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. சரியான படிவத்தில் சொன்னால் போதும்.

நான்காவது, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள். நகர எல்லைக்கு அப்பால் உள்ள விவசாய நிலம் வரிச் சட்டத்தின் மூலதனச் சொத்து வரையறைக்குள் வராது, அதனால் அதன் இழப்பீட்டுக்கு வரி இல்லை. ஆனால் நீதிமன்றம் போய்க் கூடுதல் இழப்பீடு வாங்கும்போது அதோடு சேர்ந்து வரும் வட்டி வேறு. அது கைக்கு வந்த வருஷத்தின் வருமானம், அதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். அந்த வட்டியில் டிடிஎஸ் பிடித்திருந்தால், வாழ்நாளில் ரிட்டர்னே போடாத விவசாயியும் இந்தத் தளத்துக்கு வந்தால்தான் மிச்சத்தைத் திரும்பப் பெற முடியும். நிலமும் போய், பிடித்த வரியும் அங்கேயே கிடப்பது இரட்டை நஷ்டம்.

ஐந்தாவது, ஓய்வு நாள். கிராஜுவிட்டியில் வரி விலக்கின் உச்சவரம்பு 20 லட்சம். சேர்த்து வைத்த விடுப்பைப் பணமாக்கும்போது அரசு ஊழியருக்கு முழு விலக்கு. பொதுத்துறை ஊழியருக்கு 2002-லிருந்து மூன்று லட்சத்தோடு நின்றிருந்தது. 2023 ஏப்ரல் 1 முதல்தான் அது 25 லட்சம் ஆயிற்று. அந்தத் தேதிக்கு முன் மாதம் ஓய்வு பெற்றவருக்கும் பின் மாதம் ஓய்வு பெற்றவருக்கும் இடையே ஒரு சின்ன வீட்டுக்கு அஸ்திவாரம் போடும் அளவுக்கு வித்தியாசம்.

வரி விகிதத்துக்கு வந்தால், 2023-24-லிருந்து புதிய வரி முறைதான் இயல்பானது. 2025-26 வருமானத்துக்கு, புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடியால் வரி இல்லை. சம்பளக்காரருக்கு 75,000 நிலைக் கழிவையும் சேர்த்தால் 12.75 லட்சம். பழைய முறையின் கழிவுகள் வேண்டுமென்றால் கெடுவுக்குள் ரிட்டர்ன் போட்டு அதைக் கேட்டு வாங்க வேண்டும். கெடு வழக்கமாக ஜூலை 31. தவறினால் டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம், வருமானம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் ஆயிரம், மேலே என்றால் ஐயாயிரம். ஆனால் அப்போது பழைய முறையின் கதவு சாத்தியிருக்கும்.

இரவல் மின்னஞ்சல்

மாமாவுக்கு நடந்தது அவர் ஒருவருக்கு மட்டும் நடந்ததல்ல. 2025 ஜூலை 14-ல் மத்திய நேரடி வரிகள் வாரியம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பொய்க் கழிவுகளைக் காட்டி ரீஃபண்டு வாங்கிக் கொடுக்கும் இடைத்தரகர்களைத் தேடி நாடு முழுக்க 150 இடங்களில் சோதனை. பெயர் சொல்லப்பட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சிக்கியவர்களின் பட்டியலில் பன்னாட்டு நிறுவன ஊழியர்களோடு பொதுத்துறை ஊழியர்கள், அரசு ஊழியர்கள், கல்வி நிறுவனத்தினர் எல்லோரும் இருந்தார்கள். வீட்டு வாடகை, கட்சி நன்கொடை, கல்விக் கடன், மருத்துவக் காப்பீடு, தீராத நோய்க்கான செலவு என்று எந்தக் கழிவையும் இவர்கள் விட்டுவைக்கவில்லை. முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாங்களாக முன்வந்து 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றதாகவும் வாரியம் சொன்னது.

அந்த அறிவிப்பில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. இந்த இடைத்தரகர்கள் கட்டுக் கட்டாக ரிட்டர்ன் அனுப்பத் தற்காலிக மின்னஞ்சல்களை உருவாக்கி, வேலை முடிந்ததும் கைவிட்டுவிடுகிறார்கள். வரித்துறை அனுப்பும் தகவல்கள் அங்கேயே கிடந்து மக்கிப் போகின்றன.

வரித்துறையின் கண்ணில் மாமாவுக்குத் தகவல் தெரிவித்தாயிற்று. மாமாவின் கண்ணில் எதுவுமே வரவில்லை. இரண்டுமே உண்மை. ஆனால் சட்டத்தின் முன் ரிட்டர்னுக்குப் பொறுப்பு யார்? 'இதில் உள்ளவை உண்மை' என்ற உறுதிமொழிக்குக் கீழே இருப்பது மாமாவின் பெயர். ஃபார்ம் போட்டவரின் பெயர் எங்குமே இல்லை. வேண்டுமென்றே தவறான தகவல் தந்தது நிரூபணமானால் அதனால் குறைந்த வரியைப் போல் இருமடங்கு அபராதம் வரை போகலாம்.

வழி இல்லாமல் இல்லை. புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் என்று ஒன்று 2022-ல் வந்தது. முன்பு இரண்டு வருஷம் இருந்த அவகாசத்தை 2025-ல் நான்கு வருஷமாக்கினார்கள். விட்டுப்போனதைச் சொல்லி, வரியோடு கூடுதலாக 25 சதவீதத்திலிருந்து 70 சதவீதம் வரை கட்டலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு குறைவு. வரியைக் குறைத்துக்கொள்ளவோ ரீஃபண்டு கேட்கவோ இதைப் பயன்படுத்த முடியாது. மாமா 50 சதவீதப் படியில் இருந்தார். வாங்கிய ரீஃபண்டைத் திருப்பி, அதன்மேல் இன்னொரு பாதியையும் கட்டினார். அன்று ராத்திரி அத்தை கணக்குப் போட்டுச் சொன்னார்: "மிக்ஸி ஒண்ணு. வெல ஒண்ணரை மடங்கு."

காரில் வந்ததும், முகமில்லாமல் வருவதும்

நெய்வேலியும் வருமான வரித்துறையும் ஒரே தலைப்புச் செய்தியில் இடம்பிடித்தது 2020 பிப்ரவரி 5-ல். சுரங்கப் பகுதியில் 'மாஸ்டர்' படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. வரித்துறை அதிகாரிகள் நேரில் வந்து நடிகர் விஜய்யை விசாரணைக்காகச் சென்னைக்கு அழைத்துப் போனார்கள். விசாரணை முடிந்து அவர் திரும்பி வந்து படப்பிடிப்பைத் தொடர்ந்தார். சில நாளில் சுரங்க வாசலில் கூடிய ரசிகர்களுக்கு முன், வண்டிமேல் ஏறி அவர் எடுத்த செல்ஃபி ஊரையே உலகுக்குக் காட்டியது.

அதே வருஷம் ஆகஸ்ட் 13-ல் முகமறியா மதிப்பீடு என்ற முறையைப் பிரதமர் தொடங்கிவைத்தார். சோதனை போன்ற சில வகை வழக்குகள் தவிர, மற்றவற்றில் கேள்வி கேட்கும் அதிகாரி எந்த ஊரில் இருக்கிறார் என்று நமக்குத் தெரியாது. நம் முகமும் அவருக்குத் தெரியாது. கேள்வியும் பதிலும் கணக்கின் 'இ-புரொசீடிங்ஸ்' பக்கத்தில்தான். கடலூர் பஸ் ஏறி, அலுவலக மாடியில் காத்திருந்து, 'சார், கொஞ்சம் பாருங்க சார்' என்று சொல்லும் காலம் போய்விட்டது. லஞ்சத்துக்கு வழி அடைத்தது இதன் நல்ல பக்கம். கணக்கைத் திறந்து பார்க்காதவருக்குக் கேள்வி வந்ததே தெரியாது என்பது மறுபக்கம். அன்றைக்கு அதிகாரி வந்தது ஊருக்கே தெரிந்தது. இன்றைக்கு உங்களுக்கு வந்திருப்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

இந்த இருட்டில் மோசடிக்காரர்களும் நடமாடுகிறார்கள். 'உங்களுக்கு ரீஃபண்டு ஒதுக்கப்பட்டுள்ளது, இங்கே தட்டவும்' என்று குறுஞ்செய்தி வரும். வரித்துறை ஓடிபியோ ஏடிஎம் அட்டையின் ரகசிய எண்ணோ கேட்காது. 2019 அக்டோபர் 1 முதல் அது அனுப்பும் கடிதங்களில் 'டின்' என்ற ஆவண அடையாள எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு, கணக்குக்குள் நுழையாமலே, கடிதம் நிஜமா போலியா என்று தளத்தின் முகப்பிலேயே சரிபார்க்கலாம். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும்.

ஒரு சாயங்கால வேலை

பான் அட்டை, ஆதாரோடு இணைந்த செல்போன், வங்கிப் பாஸ்புக், ஃபார்ம் 16. இந்த நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

1. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன். குறுஞ்செய்தியில் வந்த இணைப்பைத் தொட வேண்டாம். பயனர் பெயர் உங்கள் பான் எண்தான்.

2. பாஸ்வேர்டு தெரியாவிட்டால் ஆதார் ஓடிபி வழியாக மாற்றுங்கள். ஆதாரில் பழைய போன் எண் இருந்தால் முதல் வேலை அதை மாற்றுவது.

3. 'மை புரொஃபைல்' பக்கத்தில் செல்போனும் மின்னஞ்சலும் உங்களுடையதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கேயே மாற்றுங்கள்.

4. வங்கிக் கணக்கை முன்கூட்டியே சரிபார்ப்புக்குப் பதியுங்கள். பெயர் பொருந்தாத கணக்குக்கு ரீஃபண்டு போய்ச் சேராது.

5. ஏஐஎஸ்ஸை இறக்கி ஃபார்ம் 16-க்குப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். கோப்பு பூட்டியிருக்கும். சிறிய எழுத்தில் பான் எண், அதை ஒட்டிப் பிறந்த தேதி எட்டு இலக்கம், இதுதான் அதன் திறவுச்சொல்.

6. 'பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்' பக்கத்தில் பதில் எதிர்பார்க்கும் கடிதமோ பாக்கி வரியோ இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ரிட்டர்ன்களையும் ஒருமுறை திறந்து, கழிவுகளைப் படியுங்கள்.

7. ரிட்டர்ன் அனுப்பினால் வேலை முடியாது. 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்ய வேண்டும். செய்யாவிட்டால் கெடுவுக்குள் அனுப்பியதாகக் கொள்ளப்படாது.

8. கடைசியாக 'இ-ஃபைலிங் வால்ட்' வசதியைப் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு பாஸ்வேர்டு தெரிந்தவரும் உங்கள் ஆதார் ஓடிபியோ நெட் பேங்கிங்கோ இல்லாமல் உள்ளே வர முடியாது.

சிக்கினால் உதவி எண் 1800 103 0025.

உதவி வேறு, ஒப்படைப்பது வேறு

எல்லோரும் தாங்களாகவே ரிட்டர்ன் போட வேண்டும் என்று சொல்லவில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இரண்டு ஷிப்டுக்கு நடுவே உட்கார நேரம் இருக்காது. ஆங்கிலத்தில் நிரம்பிய திரை எல்லோருக்கும் பழக்கமில்லை. பங்கு விற்றவர், வீடு விற்றவர், நில இழப்பீட்டு வட்டி வாங்கியவர் நல்ல ஆடிட்டரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். நேர்மையாகத் தொழில் செய்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் உங்கள் ஓடிபியை உங்களிடம்தான் கேட்பார்கள், உங்கள் மின்னஞ்சலைத்தான் பதிவார்கள். அனுப்பும் முன் கணக்கைக் காட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். ரீஃபண்டில் பங்கு கேட்பவர் எவராக இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும்.

தொழிலாளி இறந்துபோனால் அவர் பான் கணக்கு அவரோடு முடிவதில்லை. அந்த வருஷம் இறக்கும் நாள்வரை வந்த வருமானத்துக்கு வாரிசு ரிட்டர்ன் போட வேண்டும். அதற்கு மனைவியோ பிள்ளையோ தங்கள் கணக்கிலிருந்து சட்டப்பூர்வ வாரிசாகப் பதிந்துகொள்ள வேண்டும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கையில் இருந்தும், நுழைய ஒரு கணக்கு இல்லாமல் நிற்கும் பெண்கள் இருக்கிறார்கள். கணவர் பெயரில் எல்லாம் இருந்த வீடுகளில் இது கடைசியாக நினைவுக்கு வரும் விஷயம்.

அந்த ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கு மாமாவின் கணக்கில் அவருடைய எண்ணும் அவருடைய மின்னஞ்சலும் ஏறின. புது பாஸ்வேர்டை அவரே அடித்தார், நான் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அறுபது முடிய இன்னும் இரண்டு வருஷம்.

"ரிட்டயர் ஆனா குவார்ட்டர்ஸ் சாவிய ஒப்படைக்கணும். இத எவனும் திருப்பிக் கேக்கமாட்டான் இல்ல?" என்றார்.

நான் லேப்டாப்பை மூடப் போனேன். அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் பான் அட்டை. எந்த டப்பாவில் இருந்து எடுத்து வந்தாரோ, ஓரத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"என் பேர்லயும் ஒண்ணு இருக்குமா?"

இருந்தது. யாரும் திறக்காததால் யாரும் கெடுக்காமலும் இருந்தது. புதிதாகப் பதிந்து உள்ளே போனோம். அத்தையின் அம்மா வீட்டு நிலத்தை விற்றதில் வந்த பங்கு வங்கியில் டெபாசிட்டாகக் கிடக்கிறது. அதன் வட்டி நாற்பதாயிரத்தைத் தாண்டியதால், வங்கி அவருக்குத் தெரியாமலே நாலாயிரத்துச் சொச்சம் வரி பிடித்திருந்தது. வேறு வருமானம் இல்லாதவர், வரியே கட்ட வேண்டாதவர். அந்த வருஷத்துக்குக் கெடுவைச் செப்டம்பருக்குத் தள்ளி வைத்திருந்தார்கள், நேரம் இருந்தது. ரிட்டர்னை நிரப்பினோம். போன் 'டிங்' என்றது. ஆறு இலக்கத்தையும் அத்தை ஒவ்வொன்றாக, சத்தமாக, தானே அடித்தார்.

"இந்த ரீஃபண்டு யாரும் திருப்பிக் கேக்கமாட்டாங்களே?"

"கேக்கமாட்டாங்க அத்தை. இது உங்க காசு."

மாமா மிக்ஸி இருந்த அடுக்களைப் பக்கம் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனைச் சார்ஜில் போட்டார்.